டெல்டாவில் பழைய குரூஸர் வாங்கப் போகிறீர்களா? வண்டி நின்ற இடத்தைக் கேளுங்கள்

ஹெட்லைட்டைக் கழற்றிய மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "இங்க வா தம்பி" என்றார். கிண்ணத்தின் அடியில் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. தண்ணீர் வற்றிய வாய்க்காலில் பார்ப்போமே, அதே வெடிப்பு, விரல் நகக் கனத்தில். 2022 மாசியில் நான் பழையதாக வாங்கிய ராயல் என்ஃபீல்ட் தண்டர்பேர்ட் அது, காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டுகிற குரூஸர் ரக பைக். மீட்டர் 18 ஆயிரம் சொச்சம்தான் காட்டியது, பெயின்ட் பளபளத்தது, டயர் புதுசு. முந்தைய நவம்பரில் பெய்த மழையில் டெல்டா முழுக்கத் தண்ணீர் நின்றதே, அப்போது அந்த வண்டியும் முங்கிக் கிடந்திருக்கிறது. விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒயரிங், இரண்டு சக்கரத்துக்கும் பேரிங், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று அடுத்த ஆறு மாதம் செலவு வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் யார் பழைய வண்டி பார்க்கப் போனாலும் நானும் கூடப் போய்விடுகிறேன். அப்படிப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் முதல் முறை வாங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றுதான். காவிரிக் கரையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஓடாத நேரத்தில் இந்த வண்டி எங்கே நின்றது? நன்றாகப் பராமரித்து 50 ஆயிரம் ஓடிய வண்டி இன்னும் பல வருஷம் ஓடும். தண்ணீரிலோ உப்புக் காற்றிலோ நின்ற வண்டி 8 ஆயிரம்தான் ஓடியிருந்தாலும் உங்கள் பணத்தைத் தின்னும்.

எந்த வண்டி உங்களுக்கு

நம் பக்கத்துப் பழைய சந்தையில் குரூஸர் என்று தேடினால் பெரும்பாலும் கண்ணில் படுவது ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்ட், அதற்குப் பதிலாக வந்த மீட்டியோர் 350, பஜாஜ் அவெஞ்சர், இவ்வளவுதான். சூப்பர் மீட்டியோர் 650 எப்போதாவது வரும். அது 2023-இல் வந்தது, எடை 241 கிலோ, முதல் பெரிய வண்டியாக அதை எடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். களிமண் வாசலில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் தனியாளாகத் தூக்குவது பெரும் பாடு.

தண்டர்பேர்ட் 350-இல் 2009 வாக்கில் ட்வின்ஸ்பார்க் (இரண்டு ஸ்பார்க் பிளக் உள்ள) இன்ஜின் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் வேறு ரகம், அவற்றை அறிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தால் ஒழியப் புதியவர்கள் தொட வேண்டாம். அதற்குப் பிந்தையதில் 346 சிசி, கார்புரேட்டர். 2012-இல் வந்த புது வடிவத்திலிருந்து 20 லிட்டர் டேங்க். டேங்கை நிரப்பிக்கொண்டு கும்பகோணத்திலிருந்து ராமேஸ்வரம் போய்த் திரும்பும்வரை பெட்ரோல் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது. இன்ஜினைத் திறந்து வேலை பார்க்கிறவர்கள் தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எங்கும் இருக்கிறார்கள். 2020-இல் தயாரிப்பு நின்றுவிட்டதால் கிடைக்கிற வண்டி எல்லாமே வயதானதுதான், அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மீட்டியோர் 2020 நவம்பரில் வந்தது. 349 சிசி, இன்ஜெக்‌ஷன், டேங்க் 15 லிட்டர், எடை 191 கிலோ. அதிர்வு குறைவு. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அலாய் வீலும் டியூப்லெஸ் டயரும். ஆற்றங்கரைச் சாலைகளில் சீமைக் கருவேல முள் எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். குடமுருட்டிக் கரையில் பொழுது சாயும் நேரத்தில், ஸ்போக்ஸ் சக்கரத்தில் டியூப் பஞ்சர் ஆகி, பின்சக்கரத்தைக் கழற்ற ஆளும் இல்லை, ஜாக்கியும் இல்லை என்று நின்றவருக்குத்தான் டியூப்லெஸ்ஸின் அருமை புரியும். தண்டர்பேர்டிலும் 2018-இல் வந்த எக்ஸ் மாடலில் அலாயும் டியூப்லெஸ்ஸும் உண்டு, கிடைத்தால் நல்லது.

அவெஞ்சரின் இருக்கை 737 மில்லிமீட்டர்தான், உயரம் குறைந்தவர்களுக்கு இரண்டு காலும் தரையில் பதியும். எடையும் மற்ற இரண்டைவிடக் குறைவு. பின்னால் அம்மாவையோ பாட்டியையோ உட்காரவைத்துத் திருநள்ளாறு, வைத்தீஸ்வரன்கோயில் என்று போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவெஞ்சர் 220 குரூஸ்தான். என்ன, வண்டி நீளம். ஊருக்குள் ஒரே வீச்சில் திருப்ப முடியாது, கோயில் தெருவில் ஆளுக்கொன்றாகப் போட்டு வைத்திருக்கிற வேகத்தடைகளில் அடிவயிறு தட்டும்.

குரூஸரில் கால் முன்னால் போய்விடுவதால் உடம்பின் பாரம் முழுக்க முதுகின் அடிப்பகுதியில் இறங்கும். நல்ல சாலையில் சொகுசு, பள்ளம் விழுந்த கிராமச் சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் நேராக இடுப்புக்கு வரும். ஏற்கெனவே இடுப்பு வலி இருக்கிறதா? வாங்கும் முன் யாருடைய வண்டியையாவது இரவல் வாங்கி இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிஷ ஓட்டத்தில் இது தெரியாது.

எங்கே, எப்போது தேடுவது

பழைய வண்டி வாங்கி விற்கிற கன்சல்டிங் கடைகளில் பத்து வண்டியை ஒரே இடத்தில் பார்க்கலாம், காகித வேலையையும் அவர்களே முடித்துத் தருவார்கள். ஆனால் அங்கே வரும்போதே வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்பு பூசித்தான் நிறுத்துகிறார்கள். வண்டி எந்த வீட்டு வாசலில் நின்றது என்கிற விவரம் அந்தக் கழுவலில் போய்விடுகிறது. முடிந்தவரை உரிமையாளரின் வீட்டுக்கே போய் வண்டியைப் பார்ப்பது என் வழக்கம்.

வீட்டுக்குப் போனால் வண்டியைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுகிற தெருவாக இருந்தால் சுற்றுச்சுவரில் கறை தெரியும். மேலே வெளுப்பு, கீழே பழுப்பு, நடுவில் கோடு போட்ட மாதிரி. அந்தக் கோட்டின் உயரத்தையும் வண்டியின் சக்கர அச்சின் உயரத்தையும் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர் அச்சுக்கு மேலே போயிருந்தால் சக்கர பேரிங் போயிருக்க வாய்ப்பு, இன்ஜின் மட்டத்துக்குப் போயிருந்தால் கதையே வேறு. அப்புறம் சாதாரணமாகப் பேச்சுவாக்கில் "மழ நாள்ல வண்டிய எங்கண்ணே போடுவீங்க?" என்று கேளுங்கள். "நம்ம திண்ணையில ஏத்திருவேன் தம்பி, பலகை போட்டு வச்சிருக்கேன்" என்று யோசிக்காமல் பதில் சொல்லி, அந்தப் பலகையையும் காட்டுகிறவரிடம் தைரியமாக வாங்கலாம்.

காலமும் முக்கியம். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைக்கும் சந்தைக்கு வருகிற வண்டிகளை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும், மழையில் அடிபட்டவை தேறி விற்பனைக்கு வருகிற நேரம் அது. ஆடியில் வண்டி எடுக்க நம் ஆட்கள் தயங்குவார்கள், கேட்பார் குறைவு என்பதால் விலை இறங்கும். ஆடியில் விலை பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆவணியில் நல்ல நாள் பார்த்து எடுத்துக்கொண்டால் வீட்டில் பெரியவர்களுக்கும் வருத்தம் இல்லை. ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம், குறுவை நடவு இரண்டும் சேர்ந்து வரும்போது அவசரத்துக்கு விற்கிறவர்களும் உண்டு. அவர்கள் நெருக்கடியை வைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள், நியாயமான விலை சொல்லி உடனே பணம் கொடுத்தால் அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

வெளிநாடு போனவர் வண்டி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டங்களில் நல்ல குரூஸர்கள் பாதி இப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. பையன் ஆசைப்பட்டு வாங்கியிருப்பான், ஒரு வருஷம் ஓட்டியிருப்பான், சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போயிருப்பான். வண்டி போர்டிகோவில் உறை போட்டபடி இரண்டு மூன்று வருஷம் நிற்கும். அப்பா மாதம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து நிறுத்திவிடுவார். மீட்டரில் 6 ஆயிரம், பார்க்கப் புத்தம் புதுசு.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவதால் நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம். இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் அணைப்பதால் உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகப் போகாமல் எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்து வருகிறது, எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோடு நின்ற வண்டியில் மேல்பகுதி முழுக்கத் துருப்பிடிக்கும், அடியில் தண்ணீர் சேரும். டேங்க் மூடியைத் திறந்து கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக உலோகம் மின்ன வேண்டும். செம்மண் பூசிய மாதிரி இருந்தாலோ, பெட்ரோல் வாசத்துக்குப் பதில் பழைய வார்னிஷ் வாசம் அடித்தாலோ டேங்க் கழுவல், கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர் சுத்தம் எல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டியதுதான்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். பூ தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ஆறேழு வருஷமான ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், மழைச் சாலையில் பிடிக்காது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பொடி வெடிப்பு தெரிகிறதா பாருங்கள். ஒரு ஜோடி மாற்றினால் ஏழெட்டாயிரம் சுலபமாகப் போகும். பேட்டரியும் போயிருக்கும். மீட்டியோரிலும் அவெஞ்சர் 220-இலும் கிக்கர் கிடையாது என்பதால் பேட்டரி விஷயத்தில் சமாளிப்பு நடக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் காகிதத்தில். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) பையன் பேரில் இருக்கும், பையன் கடல் தாண்டி இருப்பான். "நான்தான் அவன் அப்பா, நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது செல்லாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கையெழுத்துதான் வேண்டும். பரிவாகன் என்கிற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் விண்ணப்பிக்கும்போது கைபேசிக்கு ஓடிபியும் வரும், அந்த எண் இங்கேதான் இயங்குகிறதா, யாரிடம் இருக்கிறது என்று முன்னாலேயே கேளுங்கள். பையன் லீவில் ஊருக்கு வரும்போது முடிப்பதுதான் நல்லது. பொங்கலுக்கு வருகிறான் என்றால் பொங்கல் வரை பொறுங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு பேருக்குப் படிவம் 31-இல் முதலில் மாற்ற வேண்டும், அது முடிந்த பிறகுதான் உங்களிடம் வர முடியும்.

கையில் தொட்டுப் பார்க்க வேண்டியவை

காலையில் போங்கள், வெயில் ஏறும் முன். நாங்கள் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள். போனவுடன் இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், குளிர்ந்த இன்ஜின் காட்டிக்கொடுக்கிற குறைகள் எல்லாம் மறைந்துவிடும்.

தண்ணீரில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க நான் செய்வது இது. சீட்டைக் கழற்றி அடியிலுள்ள ஸ்பாஞ்சை இரண்டு கையாலும் அழுத்தி முகர்ந்து பார்ப்பேன், சேற்று வாசம் பல மாதம் ஆனாலும் போகாது. பக்கத்து மூடியைத் திறந்தால் ஃபியூஸ் பெட்டி, ஒயர் இணைப்புகள் தெரியும். ஒன்றிரண்டு இணைப்பைப் பிரித்து உள்ளே பார்ப்பேன், செம்பு பச்சை பூத்திருந்தால் ஈரம் உட்கார்ந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் விரலை விட்டு வழித்தால் தூசியும் வண்டலும் வேறுவேறாகத் தெரியும். தூசி பறக்கும், வண்டல் விரலில் மாவு மாதிரி ஒட்டும். விற்பவர் சம்மதித்தால் ஹெட்லைட்டின் இரண்டு திருகைக் கழற்றுங்கள், இரண்டு நிமிஷ வேலைதான். மறுத்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். எண்ணெய் அளவு தெரிகிற சின்னக் கண்ணாடியில் பால் டீ நிறம் தெரிந்தால் எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கத்து வண்டி என்றால் உப்பைத் தேட வேண்டும். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாய் மேல் நகத்தை மேலிருந்து கீழே இழுங்கள். கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும். ரவை தூவியது போல் நெருடினால் குரோமில் துரு குழி பறித்திருக்கிறது, அது ஆயில் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் சீல் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். கீழே குனிந்து சைலன்சரின் அடிப்பக்கம், ஸ்டாண்டு, ஸ்போக்ஸ் ரிம்மோடு சேருமிடம், இன்ஜின் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். உட்கார்ந்து பாருங்கள், தரையில் ஒரு துண்டை விரித்துப் படுத்தே பாருங்கள். வெட்கப்படவே வேண்டாம், லட்சக் கணக்கில் பணம் போடுகிறீர்கள்.

விழுந்த வண்டிக்கு அடையாளம் வேறு. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினால் முட்டி நிற்குமே, அந்த முட்டு நசுங்கியிருக்கிறதா? லெக் கார்டு ஒரு பக்கம் மட்டும் புதுசா? வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் தெரிகிறதா? சேஸி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், அரம் தேய்த்த தடம் என்று ஏதாவது தெரிந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மீட்டரைத் திருப்பி வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கால் வைக்கிற ரப்பர், பிரேக் பெடல், ஹேண்டில் பிடி மூன்றும் தேய்ந்து வழவழத்திருக்க, மீட்டர் மட்டும் 10 ஆயிரம் சொன்னால் நம்பாதீர்கள். சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள், தேதியும் கிலோமீட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவர வேண்டும்.

சரி, இப்போது ஸ்டார்ட் பண்ணலாம். தண்டர்பேர்டில் செல்ஃப் அடிக்கும்போது காது கொடுங்கள். 'கடகட' என்று சத்தம் மட்டும் வந்து இன்ஜின் சுற்றாமல் நழுவினால் செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கொடுக்கிற ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இந்த இன்ஜினில் பலருக்கும் வருகிற கோளாறுதான், பக்க மூடியைத் திறந்து மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலைக் குளிரில் மெல்லிய வெள்ளை வந்து மறைந்தால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது, இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

ஓட்டிப் பார்ப்பது

உங்கள் லைசென்ஸ் கையில் இருக்கட்டும், வண்டியின் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஹெல்மெட் போடுங்கள். தெரு முனை வரை போய்த் திரும்புவதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. குறைந்தது 15, 20 கிலோமீட்டர் வேண்டும். விற்பவரையே பின்னால் உட்காரச் சொல்லுங்கள், அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் இரண்டு ஆள் பாரத்தில் வண்டி எப்படி இழுக்கிறது என்று தெரியும்.

நம்ம ஊரில் ஒரு கஷ்டம், எல்லாமே சமதளம். நீங்கள் நாளைக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறீர்கள், வண்டியோ பத்து வருஷம் ஏற்றமே பார்த்திராத வண்டி. அதனால் பக்கத்தில் உள்ள ரயில்வே மேம்பாலத்துக்குப் போங்கள். மூன்றாவது கியரில் மெதுவாக ஏற ஆரம்பித்து நடுவில் ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. நான்குவழிச் சாலை கிடைத்தால் 80 வரை போய், கையை இறுக்காமல் லேசாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தாலோ ஹேண்டில் ஆடினாலோ கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்), சக்கரம், ஃபோர்க் எதிலோ கோளாறு. முன்னால் பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு பிரேக்கைத் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் வண்டியை அணைத்து, சூட்டோடு உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். பயணத்தில் டீக்கடையில் நிறுத்தி எடுக்கும்போது தகராறு பண்ணுகிற வண்டியோடு காலம் தள்ள முடியாது.

கடைசியாக, நியூட்ரலில் போட்டுத் தள்ளிப் பாருங்கள். லேசாக உருள வேண்டும். முக்கி முக்கி நகர்ந்தால் ரொம்ப நாள் நின்றதில் டிஸ்க் பிரேக் பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காகிதம், பணம்

வண்டியைப் பார்க்கப் புறப்படும் முன்னாலேயே எண்ணை வாங்கிப் பரிவாகன் தளத்திலோ செயலியிலோ போட்டால் எத்தனையாவது உரிமையாளர், பதிவு தேதி, இன்சூரன்ஸ் முடிவு, கடன் உண்டா, அபராதச் சலான் பாக்கி உண்டா என்பது தெரிந்துவிடும். கடன் இருந்த வண்டி என்றால், கட்டி முடித்துவிட்டேன் என்று வாயால் சொன்னது போதாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்க அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா பாருங்கள், புதுப்பித்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

டிஎன் 49, 50, 51, 68, 82 எல்லாம் நம் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, கும்பகோணம், மயிலாடுதுறை எண்கள். பிஒய் 02 என்று பார்த்தால் நிதானியுங்கள், அது காரைக்கால். பேரளம், பூந்தோட்டம் பக்கம் நிறையக் கிடைக்கும், விலை குறைவாகவும் தெரியும். ஆனால் அது வேறு ஆட்சிப் பகுதி. படிவம் 28-இல் அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். அந்த வரியையும் அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் லாபமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வந்தது. "இன்சூரன்ஸ் இருக்கு" என்று விற்பவர் சொல்வது அதை மட்டும்தான், வண்டிக்கே சேதம் வந்தால் காசு தருகிற பகுதி எப்போதோ முடிந்திருக்கும். நம் ஊர் மழைக்கு அந்தப் பகுதி கட்டாயம் வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள் காப்பீட்டை உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். கிளைம் எதுவும் கேட்காததற்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த பிரீமியச் சலுகை அவரோடு போய்விடும், அது உங்களுக்கு வராது.

விலை பேசும்போது மார்க்கெட் விலையைப் பற்றி வாதாடாதீர்கள். பார்த்த குறைகளை ஒரு தாளில் எழுதி, டயர் இவ்வளவு, செயின் ஸ்ப்ராக்கெட் இவ்வளவு, பேட்டரி இவ்வளவு என்று நம்ம மெக்கானிக்கிடம் போனில் விலை கேட்டுப் போட்டு, கூட்டி, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். கோபப்படாமல் பேசி முடிக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. பணத்தை ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், புரோக்கர் கணக்குக்கு வேண்டாம். வண்டி கைமாறிய தேதி, நேரம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பாரத்துல கையெழுத்து இருக்குல்ல, பேர் மெதுவா மாத்திக்கலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அல்லது அவரும் விமானம் ஏறிவிட்டால், நீங்கள் வண்டியை வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் அலைய வேண்டியதுதான். விபத்து நடந்துவிட்டாலோ, வண்டியே கையை விட்டுப் போன பழைய உரிமையாளர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். அந்த மனுஷருக்கும் அந்தத் துன்பம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

இன்ஜின் எண்ணெய், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் எண்ணெய், ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றிவிடுங்கள், பழையவர் நேற்றுதான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தாலும். அன்றைய தேதியிலிருந்து உங்கள் கணக்கு தொடங்குகிறது. கேபிள்களுக்கு எண்ணெய் விடுங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைத் துண்டு பையில் இருக்கட்டும், நம் களிமண்ணில் ஸ்டாண்டு மெல்ல இறங்கி வண்டி சாய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அறுவடை நேரத்தில் வைக்கோல் பரப்பிய சாலையில் போனால், தாண்டியதும் நிறுத்திப் பின் ஸ்ப்ராக்கெட்டிலும் சைலன்சரிலும் சுற்றிக்கொண்டதைப் பிடுங்கிப் போடுங்கள், சூட்டில் அது புகைய ஆரம்பிக்கும்.

உடனே ஊட்டி, வால்பாறை என்று கிளம்பாதீர்கள். முதல் ஓட்டம் கும்பகோணத்துக்காரர் என்றால் அணைக்கரை, தஞ்சாவூர்க்காரர் என்றால் கல்லணை. காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள், வேகம் 60-க்கு மேல் வேண்டாம். அங்கே போய் நிழலில் காய்ந்த தரையாகப் பார்த்து நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து வண்டியை ஓரடி பின்னால் தள்ளித் தரையைப் பாருங்கள். சொட்டு ஏதாவது விழுந்திருந்தால் அது இன்ஜினுக்கு நேர் கீழா, ஃபோர்க்குக்குக் கீழா, பிரேக் பக்கமா என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதே வேகத்தில் வீடு திரும்பி நேராக மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.